இரண்டாவது கணக்கு

ஏழாம் வகுப்பு படித்த காலத்தில் எனக்குக் கணக்கில் தலைக்கனம் அதிகம். ‘ஒரு தொழிலாளியின் தினக்கூலி இவ்வளவு, அது இத்தனை சதவீதம் உயர்ந்தால்’ என்று டீச்சர் படித்து முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவேன். அந்தத் தொழிலாளி யார், ஏறிய கூலியில் என்ன வாங்கினான் என்றெல்லாம் யோசித்ததே இல்லை. விடை வந்ததும் அவனை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு தொழிலாளி இருந்தாள். அப்பாவின் தங்கை. ஓசூரில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் ஒரு சின்னக் கம்பெனியில் அவளுக்குத் தினக்கூலி வேலை. செம்புக் கம்பி அவள் விரலுக்கு அப்படிப் பணிந்து போகும். ஆனால் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. சதவீதம் என்றால் அவளுக்குப் பயம். அதில் எனக்கு ஒரு அற்பப் பெருமையும் உண்டு.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே என்னைக் கூப்பிட்டாள்.

“கண்ணு, எனக்கு ரெண்டு கணக்குப் போட்டுக் குடு. கூலி ஏத்தறாங்களாம். பத்து பர்சென்ட்டு வேணுமா, ஆளுக்கு ரெண்டு ரூபா வேணுமான்னு திங்கக்கெழம நாங்களே கைதூக்கிச் சொல்லணுமாம். இருபத்திநாலு ரூபா வாங்கறவளுக்கு எது லாபம்? பதினாறு ரூபா வாங்கறவளுக்கு எது லாபம்?”

முதலாளிக்கு எதுவானாலும் ஏறக்குறைய ஒரே செலவுதான். இருபத்து நாலு என்பது அத்தையின் கூலி. காயில் சுற்றும் பத்தொன்பது பேருக்கும் அதுவே. பதினாறு, பேக்கிங்கில் நிற்கும் பதினெட்டுப் பேருக்கு. அவர்களில் பாதிப் பேர் ராயக்கோட்டைப் பக்கமிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவர்கள்.

“ரூபாய்க்குப் பத்து பைசா, அவ்வளவுதான் அத்தை” என்று பெரிய மனுஷி போல விளக்கிவிட்டு முதல் கணக்கைப் போட்டேன். இரண்டு ரூபாய் நாற்பது பைசா. இரண்டு ரூபாயைவிட நாளொன்றுக்கு நாற்பது பைசா கூட. இருபத்தாறு நாளுக்குப் பத்து ரூபாய் நாற்பது பைசா. நான் சேர ஆசைப்பட்ட இங்கிலீஷ் டியூஷனுக்கு மாதம் பத்து ரூபாய். அத்தைக்கு இரண்டு ரூபாய் ஏறினாலும் அது வீட்டுக்காரர் ஏற்றிய வாடகைக்கே சரியாகிவிடும் என்று பக்கத்திலிருந்த அம்மா அப்போதே கையை விரித்துவிட்டாள். பத்து பர்சென்ட் வந்தால் டியூஷன், வராவிட்டால் இல்லை.

இரண்டாவது கணக்கை நான் போடவில்லை. பதினாறு ரூபாய்க்காரி எங்கள் வீட்டில் யாரும் இல்லையே.

திங்கட்கிழமை அத்தைக்கு முன்னால் வந்து சேர்ந்தது பக்கத்து வீட்டு அக்கா. அவளும் காயில் சுற்றுகிறவள்தான். வாசலில் நின்றே கத்தினாள்.

“உங்கத்த கணக்குத் தெரியாம ரெண்டு ரூபாய்க்குக் கையத் தூக்கிட்டா பாப்பா! பேக்கிங்குக்காரிங்க பக்கம் பத்தொம்பது, எங்க பக்கம் பதினெட்டு. ஒரே கையி! எங்க எல்லாத்துக்கும் நாப்பது பைசா போச்சு!”

அத்தை வந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“நான் சரியாத்தான போட்டேன்?”

“நீ போட்டது சரிதான் கண்ணு. ரெண்டாவது நீ போடல. ரூபாய்க்குப் பத்து பைசான்னு நீ சொன்னத வெச்சு நானே போட்டுக்கிட்டேன். அவளுங்களுக்கு ரெண்டு ரூபாதான் லாபம்.”

“அது நம்ம கணக்கு இல்லையே அத்தை!”

அவள் முகம் கழுவப் போனாள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மறுநாளிலிருந்து அத்தை சாயங்காலம் முக்கால் மணி நேரம் தாமதமாக, காலெல்லாம் புழுதியாக வர ஆரம்பித்தாள். நடந்து வருகிறாள் என்று தெரிந்தது. பஸ்ஸில் காயில்காரிகள் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அதனால்தான் நடக்கிறாள் என்று நினைத்தேன். வேண்டும் நன்றாக என்றுகூட நினைத்தேன், இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு மாதம் போனதும் என் கையில் பத்து ரூபாயைத் திணித்து, “போ, டியூஷன்ல சேந்துக்க” என்றாள். சிட்டாய்ப் பறந்து போய்ச் சேர்ந்தேன். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

பிறகு எத்தனையோ ஆபீஸ்களில் வேலை பார்த்துவிட்டேன். தன் கூட்டம் முழுக்க ஒரு பக்கம் கைதூக்கும்போது தனியாக மறுபக்கம் தூக்கிய இன்னொருத்தியை நான் பார்க்கவில்லை. எனக்கும் அந்தத் தைரியம் வந்ததில்லை.

கம்பெனி ஸ்டாப்பிலிருந்து எங்கள் தெருவுக்கு அப்போது டவுன் பஸ்ஸில் டிக்கெட் நாற்பது பைசா. ஒருத்தி தினமும் ஒரு வேளை பஸ் ஏறாமல் நடந்தால் இருபத்தாறு நாளில் எவ்வளவு மிச்சம் என்று வகுப்பில் கேட்டிருந்தால், கேள்வி முடிவதற்குள் விடை சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.