பப்பு ஏன் உறுமியது?

சுரக்குடியில் எங்கள் வீட்டு நாய் பப்புவுக்கு என் மகள் கயல் என்றால் உயிர். அறுவடை முடிந்த வாரம், தலையைத் தடவப் போன அவளையே உறுமிக்கொண்டு கடிக்கப் பாய்ந்தது. நல்லவேளை, பல் படவில்லை.

"எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுவோம்" என்றார் கணவர். கயல் அழுதாள்.

நாய்களுக்குப் பயிற்சி தருபவரைக் காரைக்காலிலிருந்து வரவழைத்தேன். பப்பு தலையைச் சாய்த்தே நிற்பதைச் சற்று நேரம் கவனித்தவர், "இதுக்குப் பயிற்சி வேணாங்க. காது வலிக்குது போல. மொதல்ல டாக்டர்ட்ட காட்டுங்க" என்றார்.

கால்நடை மருத்துவர் காதுக்குள்ளிருந்து கூரான வைக்கோல் துணுக்கு ஒன்றை எடுத்தார். புண் ஆறியதும் பப்பு தானாகவே வந்து கயல் மடியில் தலைவைத்துப் படுத்தது. கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் அது உறுமினால் நாங்கள் அதட்டுவதில்லை. "என்னடா பண்ணுது?" என்று கேட்டு, தள்ளி உட்கார்ந்து பார்க்கிறோம்.