விரிசல் வழியாக ஒரு வயர்

டேப்லெட்டுக்கு நெட் வயர் குத்த முடியாது என்று என்னிடம் சொல்லாத ஆள் இல்லை. செல்போன் கடைக்காரர் சொன்னார், இன்டர்நெட் கேபிள் இழுக்க வருகிறவர் சொன்னார், வீட்டுக்கார அண்ணாச்சி சொன்னார். சொன்ன எல்லார் முகத்திலும் ஒரு நமட்டுச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே குத்திக் காட்ட வேண்டும் என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது.

வீம்பு பாதிதான். மீதி என் தங்கை.

அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. விளாத்திகுளம் பக்கம் அப்பாவின் மிளகாய்க் காட்டில் வளர்ந்து, மதுரையில் விடுதியில் தங்கி பி.காம். முடித்தவள். கையால் பேசுவாள். கோபம் வந்துவிட்டால் அவளுக்கு இரண்டு கை போதாது. சென்னையில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே கணக்குச் சரிபார்க்கிற வேலைக்கு அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டது. வீடியோவில்தான். இவள் கையால் சொல்வதை அவர்கள் பக்கம் ஒரு அம்மா பார்த்து வாயால் சொல்வார். ஊரில் சிக்னல் நிற்காது என்பதால் கோவில்பட்டியில் என் வாடகை வீட்டுக்குத் தன் டேப்லெட்டோடு வந்து சேர்ந்தாள்.

முன்வீடு அண்ணாச்சியுடையது, பின்வீடு எனக்கு. நடுவில் கரிசல் மண் முற்றம். வைஃபை பெட்டி அண்ணாச்சியின் கூடத்தில் இருந்தது. இரண்டு சுவரும் ஒரு முற்றமும் தாண்டி என் வீட்டுக்கு வருவதற்குள் அதற்கு மூச்சு வாங்கும். நான் போனில் பேசுவதற்கு அது போதுமாகத்தான் இருந்தது.

கார்த்திகையில் நடந்த முதல் நேர்காணலை இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. குரலில் பேசுகிறவர்களுக்குப் படம் நின்றுபோனால் குடி முழுகிவிடாது, பேச்சு வந்துகொண்டிருக்கும். என் தங்கைக்குப் படம் நின்றால் வாயைப் பொத்திய மாதிரி. அவள் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அங்கே பார்த்தால் இரண்டு கையும் அந்தரத்தில் நிற்கிறது. "கேள்வி புரியவில்லை போலிருக்கிறது" என்று கேள்வி கேட்ட அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. டேப்லெட்டைப் பிடுங்கி, "படம்தான் சார் நின்னுபோச்சு, எந் தங்கச்சி நிக்கல" என்றேன். நாங்களே கூப்பிடுகிறோம் என்று வைத்துவிட்டார்கள்.

தங்கை அழவில்லை. உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக் காட்டினாள். படம் நின்றுபோவதற்கு அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் சைகை.

அவர்கள் கூப்பிடவில்லை, நான் கூப்பிட்டேன். இன்னொரு தரம் பார்க்கிறோம் என்று அவர்கள் வாயிலிருந்து வரும்வரை விடவில்லை. பங்குனியில் ஒரு நாளைக் குறித்துச் சொன்னார்கள். அதற்குள் என் வீட்டில் படம் நிற்காமல் ஓடியாக வேண்டும்.

நான் ஒரு மொத்த மளிகைக் கடையில் பில் போடுகிறவள். அங்கே பில் கம்ப்யூட்டருக்கு நெட் வயரில் வருகிறது. கூட்டம் நெரிகிற சாயங்காலத்தில்கூட அது நின்றதில்லை. முதலாளியின் போன் மட்டும் வைஃபையில் சுற்றிக்கொண்டே கிடக்கும். இது போதாதா எனக்கு? நேரே செல்போன் கடைக்குப் போனேன்.

"அக்கா, வயரு இல்லாம ஓடணும்னுதான் டேப்லெட்டே செஞ்சிருக்கான். அதுக்குப் போயி வயரு கேக்குதீங்களே" என்றார் கடைக்காரர்.

"சார்ஜர் குத்துதோம்லா, அந்த ஓட்டை வழியா படமும் பாட்டும் கம்ப்யூட்டருக்குப் போகுதுல்லா? அப்ப நெட்டு மட்டும் வராதோ?"

அவர் அடுத்த ஆளுக்கு ரீசார்ஜ் போடத் திரும்பிவிட்டார். நான் வீட்டுக்கு வந்து நானே தேடி ஆன்லைனில் வரவழைத்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு டப்பி. அதன் வால் டேப்லெட்டின் சார்ஜர் ஓட்டையில் போகும். மறுபக்கம் நெட் வயருக்கு ஒரு வாய், சார்ஜருக்கு ஒரு வாய். சார்ஜருக்கு வாய் இல்லாததை வாங்கியிருந்தால் பேசப் பேச பேட்டரி இறங்கி அதிலும் மண் விழுந்திருக்கும்.

"செவுத்துல ஓட்டை போடப்படாது. ஆணிகூட அடிக்கப்படாதுன்னு குடி வரும்போதே சொல்லியிருக்கேன்லா" என்றார் அண்ணாச்சி. சரி என்று வைஃபை பெட்டியில் வயரின் ஒரு நுனியைக் குத்தி, அவர் வீட்டு ஜன்னல் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்தோம். கேபிள்காரர் முற்றத்தில் ஒரு சாண் ஆழம் கீறி, வயரை விறைப்பாக இழுத்துப் புதைத்து, மண்ணை மிதித்து மூடினார். மார்கழி மழை பெய்து மண் வெண்ணெயாக இருந்தது. வேலை சுத்தம் என்று அண்ணாச்சிகூட மெச்சினார். இந்தக் கரிசலிலேயே பிறந்து வளர்ந்த மூன்று பேர் அங்கே நின்றோம். கோடையில் இந்த மண் என்ன செய்யும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

டேப்லெட்டில் வைஃபையை அணைத்து வயரைக் குத்தியதும் மேலே வைஃபைக் குறி போய் வேறொரு சின்னக் குறி வந்தது. தங்கை மதுரைத் தோழியைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் கைகளால் அப்படி அரட்டை அடித்தார்கள். ஒரு தரம்கூட அவள் வாயைப் பொத்தவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நேர்காணலுக்கு முந்தின நாள் மத்தியானம் நெட் செத்துப்போனது. முற்றத்தில் போய்ப் பார்த்தால் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஒரு வெடிப்புக்குள் என் வயர் இழுபட்டு நிற்கிறது. ஜன்னலுக்கு உள்ளே, பெட்டியில் குத்துகிற நுனிக் கிளிப்பிலிருந்து உள்கம்பிகள் உருவி வந்துவிட்டன. எங்கள் மண்ணைப் பற்றி எங்களுக்கே புத்தி இல்லை.

அண்ணாச்சி வந்து பார்த்தார். "விடும்மா. வைஃபை இருக்குல்லா, அதுல பேசட்டும். பேச்சு வராத பிள்ளைக்குப் பேட்டி என்னத்துக்குன்னுதான் நானும் கேக்கேன். ஒங்க அப்பாவ மாப்பிள்ளை பாக்கச் சொல்லு."

தங்கை அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டாள். நான் அவளிடம் எதையும் மறைப்பதில்லை, அப்படியே சொன்னேன். அவள் அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போய் மண்வெட்டியை எடுத்து வந்து, அவர் முன்னாலேயே முற்றத்தைக் கொத்தி வயரை வெளியே எடுத்தாள்.

எங்கள் கடைக்குக் கம்ப்யூட்டர் பார்க்க வருகிறவரிடம் கிளிப் மாட்டுகிற கருவியை இரவல் வாங்கி வந்தேன். கெட்டுப்போன நுனியை வெட்டிப் புது கிளிப் மாட்டினேன். வயர் குறைந்துபோனது. இந்தத் தடவை தொய்வாகவும் விட வேண்டும். ஜன்னல் வழியாகச் சுற்றினால் எட்டாது.

அண்ணாச்சியின் கூடத்துக்குள் போனேன். பின்சுவரில் தொங்கிய பெரிய காலண்டரைத் தூக்கினேன். அதன் பின்னால் தலையிலிருந்து கால்வரை விரிசல். இந்தப் பக்கத்தில் விரிசல் இல்லாத சுவர் ஏது? மண் காய்ந்த பங்குனியில் விரல் நுழையும், மழையில் மண் ஊதிய கார்த்திகையில் பிளேடு நுழையாது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் சிமெண்டை வைத்து அடைப்பார்கள், கோடையில் அது பெயர்ந்து விழும், மேலே காலண்டரை மாட்டிக்கொள்வார்கள்.

"என்னம்மா செய்யுத?" என்றார் அண்ணாச்சி.

"ஓட்டை போடல அண்ணாச்சி. இருக்குத ஓட்டையத்தான் எடுத்துக்கிடுதேன்."

காலண்டரை அவர் கையில் கொடுத்தேன். விரிசல் வழியாக வயரை வெளியே தள்ளினேன். தங்கை அந்தப் பக்கம் பிடித்து இழுத்தாள். துணிக்கொடி மேலே தொய்வாகப் போட்டு வீட்டுக்குள் கொண்டுபோனோம். இனி மண் எப்படி வேண்டுமானாலும் வெடிக்கட்டும்.

மறுநாள் படம் ஒரு நொடி நிற்கவில்லை. இரண்டு கணக்கு ஒத்துவராவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். அவள் பிடித்த பிடியில் கையால் சொல்லச் சொல்ல, சைகை பார்த்துச் சொல்கிற அம்மா திணறிப்போய், "கொஞ்சம் மெதுவாச் சொல்லும்மா" என்று கையோடு வாய்விட்டும் சொல்லிவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற நான் சேலையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன், அழவும் செய்தேன். என் தங்கையைப் பார்த்து மெதுவாகப் பேசு என்று யாரும் அதுவரை சொன்னதில்லை.

வேலை கிடைத்தது. வைகாசியிலிருந்து தினமும் அந்த வயரில்தான் வேலை பார்க்கிறாள்.

புரட்டாசியில் மேகம் கறுக்கத் தொடங்கியது. ஒரு காலையில் அண்ணாச்சி சிமெண்டுச் சட்டியும் கரண்டியுமாக முற்றத்துக்கு வந்துவிட்டார். வயரை உருவிக்கொள்ளச் சொன்னார். சிமெண்டு வைத்துப் பூசிவிட்டு அப்புறம் ஜன்னலோரமாகப் பார்த்துக்கொள்ளலாமாம். நான் சேலையை இழுத்துச் செருகினேன். அன்றைக்கு ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை என்றுதான் படியிறங்கினேன்.

எனக்கு முன்னால் தங்கை போய்விட்டாள். வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தாள். அவர் முன்னால் நின்று வயரைக் காட்டினாள். உள்ளே மேசைமேல் இருந்த டேப்லெட்டைக் காட்டினாள். பிறகு உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுக்கவே இல்லை.

அவள் சைகையில் ஒன்றையாவது தெரிந்துகொள்ள அண்ணாச்சி ஒரு நாளும் முயன்றவரில்லை. பொத்திய கையைப் பார்த்தார், வயரைப் பார்த்தார். சட்டியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு இருந்தது. மழையில் சுவர் நெருக்கினாலும் வயர் நசுங்காமல் உள்ளே கிடக்கும். வயரைக் கழற்றாமலே நுழைக்க நீளவாக்கில் கீறியும் வைத்திருந்தார்.

"எம்மா, இது போதுமான்னு அவகிட்ட கேட்டுச் சொல்லு."

"நீங்களே கேளுங்க அண்ணாச்சி" என்றேன்.

அவர் குழாயை அவள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டி, போதுமா என்று தலையை ஆட்டிக் கேட்டார். தங்கை வாயிலிருந்து கையை எடுத்தாள்.