சபீனா அக்காவின் கேமரா பை

பெருமாநல்லூர் பஸ் ஸ்டாப்பில் நம் கம்பெனி வேன் ஒருநாளும் நின்றதில்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூடப் பஸ்ஸுக்காக நான் காத்திருந்தபோது அது என் முன்னால் வந்து நின்றது. டிரைவர் மணி அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், "ஏறிக்க கண்ணு, உங்கம்மா உள்ள இருக்காங்க" என்றார். அம்மா சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "சபீனா போயிட்டாட்டி" என்றாள். வெறும் காய்ச்சல், இரண்டு நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடுவார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். பாட்டு இல்லாமல் அந்த வேன் ஓடியதை அன்றுதான் பார்த்தேன்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கிற உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நீங்கள் தைத்த குழந்தைத் துணிகளை அவற்றை வாங்குகிற வெளிநாட்டு பையர்களுக்காகப் படமெடுத்தவர். எங்களுக்கு அவர், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டின் முதல் கதவு. நாங்கள் நான்காவது கதவு. நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். எழுத வரும் என்பதால் அவரைப் பற்றி என்னை எழுதச் சொன்னார்கள். ஆனால் எழுதுவதற்கு எனக்கு வேறொரு காரணமும் இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு முடிந்த லீவில் அவருடைய பழைய கேமரா பை கிழிந்துபோனது. "நீதான் படிக்கிற புள்ளையாச்சே, எந்தப் பை நல்லதுன்னு நெட்டுல பாத்துச் சொல்லு கண்ணு" என்றார். நான் ஒரு நோட்டு முழுக்கக் குறிப்பெடுத்தேன். பதினெட்டு பாக்கெட் உள்ள ஒரு பையைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "பாக்கெட் ஜாஸ்தியானா தேடறதும் ஜாஸ்தியாகும். தேடறப்பத்தான் கொழந்த அழுகும்." குழந்தைக்கு உடுப்பைப் போட்டுப் படமெடுக்கும்போது, அது சிரிக்கிற அரை நிமிடம்தான் தனக்குக் கிடைக்கும் என்று பிறகு விளக்கினார்.

மறுநாள் திருப்பூரில் ஒரு கடைக்குப் போனோம். எல்லா லென்ஸையும் கேமராவையும் ஒரு டர்க்கி டவலில் சுற்றி எடுத்து வந்திருந்தார். ஒவ்வொரு பையிலும் அத்தனையையும் அடுக்குவார், தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குள் நடப்பார், குனிவார், உட்கார்ந்து எழுவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே கையால் ஜிப்பைத் திறந்து, நான் பேர் சொல்லும் சாமானை எடுப்பார். ஏழாவது பைக்கு வந்தபோது கடைக்காரர், "ஏனுங்க, பை பாக்கறீங்களா, மாப்பிள்ள பாக்கறீங்களா?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளைன்னா மொத ஆளுக்கே சரின்னு சொல்லியிருப்பனுங்க. இதத்தானுங்களே தெனமும் நாந்தூக்கோணும்!"

கடையே சிரித்தது. நான் மட்டும் சிரிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொருளை இவ்வளவு கவனத்தோடு ஒருவர் தேர்ந்தெடுப்பதை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை.

கடைசியில் வாங்கிய அந்தப் பைக்குள் அவர் வைத்திருந்த ஒழுங்கை என்னால் இன்றும் வரைந்து காட்ட முடியும். கேமரா நடுவில், கைப்பிடி வலப்பக்கம். சார்ஜ் உள்ள பேட்டரி நிமிர்ந்து நிற்கும். தீர்ந்தது படுத்துக் கிடக்கும். படம் நிறைந்த கார்டு முகம் குப்புற இருக்கும். இவற்றுக்கு நடுவே ஒரு குழியை மட்டும் எப்போதும் காலியாக விட்டிருப்பார். இடம் வீணாகிறதே, அதில் இன்னொரு லென்ஸ் வைக்கலாமே என்று கேட்டேன். "அதுல ஒண்ண வெச்சுட்டா, கேமராவுல இருந்து கழட்டற லென்ஸ் எங்க போயி உக்காரும்? காலி எடமும் ஒரு சாமான்தான் கண்ணு." இதை அன்றிரவே என் டைரியில் எழுதி வைத்தேன்.

அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. நம் ஊரில் எல்லா வீட்டிலும் கம்பெனியில் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணிதான் தலையணை, மிதியடி, ஃபிரிட்ஜ் உறை எல்லாம். எங்கள் வீட்டில் ஒரு மூட்டை வெள்ளை ஃபிளீஸ் துண்டுகள் இருந்தன. உள்பக்கம் பூனைக்குட்டி போல மெத்தென்றிருக்கும். பைக்குள் இருக்கும் தடுப்புகளை அளவெடுத்து, அம்மா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நான்கு நாள் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஃபிளீஸ் உறை தைத்துக் கொடுத்தேன். லென்ஸுக்கு அடிபடாது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் உறையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலை வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நல்லா தெச்சிருக்கற கண்ணு" என்று சொல்லி, என் முன்னாலேயே எல்லாவற்றையும் மாட்டினார்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, அரைநாள் பள்ளி முடிந்து அம்மாவுடன் வீட்டுக்குப் போகலாம் என்று கம்பெனிக்கு வந்தேன். சாம்பிள் ரூம் வாசலிலேயே அப்போதைய மேனேஜர் அம்மாவைத் திட்டுகிற சத்தம் கேட்டது. அவர் இப்போது இங்கே இல்லை.

"ஏம்மா மேரி, கண்ண எங்க வெச்சுட்டுச் செக்கிங் பண்றீங்க? நாப்பது பீசு படம் போயிருக்குது, நாப்பதுலயும் ஆயில் கறைன்னு பையர் மெயில் போட்டிருக்கறான்!"

"ஒவ்வொண்ணயும் வெளிச்சத்துல விரிச்சுப் பாத்துதான் சார் விட்டேன்."

"அப்ப கறை பறந்து வந்து ஒக்காந்துச்சா? திங்கக்கிழமையிலிருந்து நீங்க வர வேண்டாம்."

துணிகள் முந்தின நாளே பார்சலில் போய்விட்டதால், எடுத்துக் காட்டவும் வழியில்லை. அம்மா செக்கிங் டேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய சம்பளத்தில்தான் எங்கள் வீடும் என் படிப்பும் நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

பக்கத்து அறையில் அடுத்த லாட்டைப் படமெடுக்க வந்திருந்த சபீனா அக்கா சத்தம் கேட்டு வந்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் லேப்டாப்பைத் திறந்து, படங்களை ஒவ்வொன்றாக ஓட்டினார். வெள்ளை பனியன் வந்தது. நெஞ்சுக்கு இடப்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னச் சுருள். அடுத்த பனியனிலும் அதே இடம். பிறகு ஒரு குழந்தைத் தொப்பி வந்தது. தொப்பி சின்னது, அந்தச் சுருள் தொப்பிக்கு வெளியே, துணிகளை விரித்துப் படமெடுக்கும் வெறும் வெள்ளைத் தாளின் மேல் நின்றது.

"சார், தாளுல எப்புடிங்க ஆயில் படும்? இது துணியில இல்லீங்க. எங்கேமராவுக்குள்ள இருக்குது."

பையைத் தூக்கி மேனேஜரின் மேஜை மேல் வைத்துத் திறந்தார். நான் தைத்த வெள்ளை உறைகள் எல்லோருக்கும் தெரிந்தன. லென்ஸ் மாற்றும்போது அவற்றிலிருந்து ஒரு பஞ்சு இழை கேமராவுக்குள் போயிருக்கிறது என்று காட்டினார்.

"இத்தன வருசமா படமெடுக்கறீங்க. பஞ்சு பறக்கற ஊருல, பைக்குள்ளயே பஞ்சத் திணிச்சு வெக்கலாமா? தெரியாதா உங்களுக்கு?"

"தெரியுங்க. தெரிஞ்சேதான் வெச்சேன்."

"யாரு இந்த ஐடியா குடுத்தது?"

நான் வாசலில் நின்றிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "பை என்னுதுங்க" என்றார்.

அம்மாவின் வேலை தப்பித்தது. அக்காவே பையருக்கு விளக்கம் எழுதி, படங்களைத் திருத்தி அனுப்பினார். ஆனால் அந்த சீசன் முழுக்க நம் கம்பெனி வேறு ஆளை வைத்துப் படமெடுத்தது. அப்படி நடக்கும் என்று தெரிந்துதான் அவர் பையைத் திறந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் அழுதுகொண்டே முதல் கதவைத் தட்டினேன். "வேண்டாம்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொல்லியிருக்கோணும். உம் மூஞ்சியப் பாத்தா வாய் வரல. நீ தெச்சுத்தான் குடுத்த, உள்ள வெச்சது நானு. எம் பைக்குள்ள எது இருக்கோணும்னு பாக்க வேண்டியவ நான்தானே?" அவர் அந்த உறைகளைத் தூக்கிப் போடவில்லை. பிரித்து, ட்ரைபாடின் மூன்று காலுக்கும் சாக்ஸ் போல மாட்டிவிட்டார். தரையில் கீறல் விழாது, தூக்கும்போது கையும் வலிக்காது. "பாரு, சாமான்ல தப்பில்ல. வெச்ச எடந்தான் தப்பு" என்றார். தடுப்புகளுக்கு மழைக்கோட்டுத் துணியில் வழுவழுப்பாக வேறு உறை தைத்தோம். அதில் பஞ்சு ஒட்டவில்லை.

ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. இன்றும் டீ பிரேக்கில் யாராவது கறை என்றால், "சபீனா பை மாதிரியா?" என்று இங்கே கேலி பேசுவதுண்டு. இருந்தவரை அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஒருமுறைகூட என் பேரைச் சொன்னதில்லை. அம்மாவுக்கே தெரியாது.

இதை எழுத உட்கார்ந்தபோதுதான் அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். "அன்னைக்கே ஏம்ட்டி சொல்லல?" என்றாள்.

"பயம்மா."

"அவளுக்கும் பயம் இருந்திருக்கும்லா." துணியை ஓரமாக வைத்தாள். பிறகு, "எழுது. எல்லாத்துக்கும் முன்னால நின்னு நீயே வாசி" என்றாள்.

அதனால் வாசிக்கிறேன். சபீனா அக்காவின் கேமராவும் பையும் அவருடைய தங்கைக்குப் போய்விட்டன. அவை தங்கைக்குத்தான் சேர வேண்டும். நான் வைத்துக்கொள்வது, கேட்ட நொடியில் தயங்காமல் "என்னுதுங்க" என்று சொன்ன அந்தக் குரலைத்தான். அது எனக்கு இவ்வளவு தாமதமாகத்தான் வருகிறது. இனிமேல் டீ பிரேக்கில் அந்தக் கறையைப் பற்றிப் பேசினால், தயவுசெய்து என் பேரைச் சொல்லுங்கள். செக்கிங் மேரியின் மகள் ஜெபா. அந்த உறைகளைத் தைத்தது நான்.