இல்லாத ட்ரெயிலருக்கு ஏரிக்கரையில் ஓர் இடம்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். எழுத்துப் பிழைகள் நிறைய இருக்கும். அவற்றைத் திருத்திப் பத்திரிகையில் போடுங்கள். நடந்ததை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

1994ஆம் ஆண்டு ஆவணி மாதம். அப்போது ரொறன்ரோவில், பார்க்டேல் பகுதியில் ஒரே மாடிக் கட்டடத்தில் மூன்று குடும்பங்கள் இருந்தோம். நாங்கள், என் மனைவியின் தம்பி, அதாவது மச்சான் குடும்பம், தங்கை குடும்பம். பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் எட்டுப் பேர். கனடாவுக்கு வந்த நாளிலிருந்து மூன்று வீட்டு ஆண்களுக்கும் ஒன்றாக விடுமுறை கிடைத்ததே இல்லை. கோடை விடுமுறைக்கு எங்கே போனாய் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால், என் மகள் ஒவ்வொரு வருடமும் பேச்சை மாற்றிவிடுவாளாம்.

நான் பாண், அதாவது ரொட்டி சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்தேன். கூட வேலை செய்த ஒருவர் ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கிய படம் ஒன்று தந்தார். அதை வீட்டில் காட்டியதுதான் தாமதம், "அப்ப நீங்களே ஒழுங்கு செய்யுங்கோ" என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். கலியாண வீடுகளில் கதிரை அடுக்குகிற ஆள் நான். ஒரு காரியத்தை முழுதாக என்னை நம்பி யாரும் தந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோசம்.

சித்திரையிலேயே ஒரு கொப்பி வாங்கித் திட்டம் போடத் தொடங்கினேன். யார் வீட்டில் ஆட்டுக்கறி, யார் வீட்டில் சம்பல், யாரிடம் நிலத்தில் விரிக்கிற தறப்பாள் என்று எல்லாம் எழுதினேன். பெண்களுக்கு ஒரே ஒரு கவலை. சோறு எப்படிச் சமைப்பது? மூன்று றைஸ் குக்கர்களையும் கொண்டுபோவதாக முடிவானது. ஆகவே போகிற இடத்தில் கட்டாயம் மின்சாரம் வேண்டும். இங்கே அதை ஹைட்ரோ என்பார்கள்.

மச்சானின் மனைவிக்கு நல்ல இங்கிலீஷ் தெரியும். "அண்ணை, நான் போன் பண்ணிக் கேக்கட்டே?" என்றாள்.

"வேண்டாம் பிள்ளை, அதெல்லாம் நான் பாப்பன்" என்றேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கம்.

வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பூங்காவின் பதிவு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "ஹைட்ரோ இருக்கா" என்று கேட்கும் ஒரு வசனத்தைத்தான் பாடமாக்கி வைத்திருந்தேன். இருக்கிறது என்றாள் அந்தப் பெண். பிறகு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் என்ன சொன்னாலும் "யேஸ்" என்று சொல்லிப் பழகியவன் நான். அவளுக்கும் எல்லாவற்றுக்கும் யேஸ் சொன்னேன். அடுத்த கிழமை தபாலில் பதிவுத் தாள் ஒன்று வந்தது. யாருக்கும் காட்டாமல் அதை மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

மூன்று வீட்டு ஆண்களுக்கும் ஒன்றாக லீவு கிடைத்த, ஆவணியின் நீண்ட வார இறுதியில் இரண்டு வான்களில் போய் இறங்கினோம். மரங்களுக்கிடையில் ஏரி பளபளத்தது. ஆனால் எங்களுக்குத் தந்த இடம் முழுவதும் சரளைக்கல். இரண்டு பக்கமும் கட்டில், சமைக்கிற குசினி எல்லாம் உள்ளே இருக்கிற, வீடு போன்ற பெரிய வாகனங்கள். ஆர்.வி. என்பார்களே, அவை. நடுவில் நாங்கள், தறப்பாளும் தலையணைகளுமாக.

"அத்தான், இதென்ன லொறி நிப்பாட்டுற இடமே?" என்றான் மச்சான். கூடார முளையை ஓங்கி அடித்தான். அது வளைந்துபோனது. இன்னொன்றை அடித்தான். அதுவும் வளைந்தது.

"முதல்ல சோத்தைப் போடுவம், பிறகு மற்றதைப் பாப்பம்" என்றாள் என் மனைவி. அங்கிருந்த மின்சாரக் கம்பத்தில் மூன்று றைஸ் குக்கரையும் ஒன்றாகச் செருகினோம். டக்கென்று ஒரு சத்தம். மின்சாரம் நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் பூங்கா அதிகாரி வந்தார். என் தாளை வாங்கிப் படித்துவிட்டு எங்களை எண்ணத் தொடங்கினார். மச்சானின் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணை, இதில நாங்கள் முப்பது அடி ட்ரெயிலர், இந்த வண்டிவீடு மாதிரி, கொண்டு வாறம் எண்டு பதிஞ்சிருக்கு. ஆறு பேர் எண்டும் கிடக்கு."

"முப்பது அடி ட்ரெயிலரோ! எங்க அத்தான், பொக்கெற்றுக்கையே வச்சிருக்கிறியள்?" என்றான் மச்சான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதிகாரி பொல்லாதவர் இல்லை. ஆனால் ஓர் இடத்தில் ஆறு பேர்தான் தங்கலாம். எட்டுப் பேர் இன்றே திரும்ப வேண்டும். வேறு இடம் ஒன்றும் மிச்சமில்லை என்று அவர் சொன்னதை மச்சானின் மனைவி தமிழில் சொன்னாள். சிரிப்பு அடங்கிவிட்டது. எந்த ஆறு பேர் நிற்பது, எந்த எட்டுப் பேர் போவது?

"நாங்கள் திரும்பிப் போறமோ, அப்பா?" என்று மகள் தன் பையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

விளங்கியதா என்று அதிகாரி என்னைக் கேட்டார். என் வாய் தன்பாட்டில் "யேஸ்" என்றது. அவர் திரும்பி நடந்தார்.

பக்கத்து ஆர்.வி.க்கு முன்னால் மடக்குக் கதிரையில் ஒரு முதியவர் இருந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து என்னிடம் ஏதோ கேட்டார். தொண்டை வரைக்கும் யேஸ் வந்தது. மகளின் தோளில் கிடந்த பையைப் பார்த்தேன்.

"நோ" என்றேன். "நோ இங்கிலீஷ். ஐ மிஸ்டேக்."

அவர் என் தோளில் கையை வைத்தார். பெரிய, பாரமான கை. மச்சானின் மனைவி நடந்ததை எல்லாம் அவருக்குச் சொன்னாள். கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு அவர் சொன்னதை அவள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

"கப்பலால வந்து இறங்கின புதிசில இவரும் எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொன்னவராம். அப்பிடிச் சொல்லித்தான் இந்த மனிசியையும் கட்டினவராம்."

கோப்பை துடைக்கிற துணியால் அவர் மனைவி அவருக்கு ஒன்று போட்டாள்.

அவர் அதிகாரியைக் கூப்பிட்டுத் தன் தாளைக் காட்டினார். அவருடைய இடத்திலும் ஆறு பேர் தங்கலாம். இருப்பது இரண்டு பேர். மற்றப் பக்கத்து ஆர்.வி.யிலும் வயதான இரண்டு பேர்தான். அவர் போய்க் கேட்க, அவர்களும் வாருங்கள் என்றார்கள். ஆறு, நான்கு, நான்கு என்று விரல் விட்டு எண்ணினார் அதிகாரி. சரியாகப் பதினான்கு. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, சிரித்துக்கொண்டு போனார்.

அந்த ஆர்.வி.களுக்குப் பின்னால் புல்தரை இருந்தது. இரண்டு கூடாரங்களை அங்கே அடித்தோம். எங்கள் சரளையில் அடிக்க முதியவர் நீளமான இரும்பு ஆணிகள் தந்தார். நின்ற மின்சாரத்தையும் அவரே சுவிட்சைத் தட்டித் திரும்ப வரவைத்தார். றைஸ் குக்கர்களை இடத்துக்கு ஒன்றாகப் பிரித்தோம். அவர் மனைவி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து பார்த்ததில் அந்தச் சோறு வேகப் பிந்திவிட்டது. எல்லாரும் ஏரிக்கரையில் இருந்து சாப்பிட்டோம். சம்பலைத் தின்ற முதியவருக்குக் கண்ணில் தண்ணீர் ஓடியது. இன்னும் போடட்டா என்று என் மனைவி கரண்டியைக் காட்டினாள்.

"யேஸ்" என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே. அன்று முதல் தடவையாக நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாசியிலும் அவர் எங்களுக்குப் போன் எடுப்பார். பக்கத்துப் பக்கத்து இடங்களாகச் சேர்ந்தே பதிவு செய்கிறோம். "அத்தான், ட்ரெயிலரைக் கழுவி வச்சாச்சோ?" என்று மச்சான் கேட்காத வருடமில்லை. இப்போதும் தொழிற்சாலையில் விளங்காத ஒன்றுக்கு யேஸ் என்று வாய் திறக்கும்போது, தோளில் அந்தக் கையின் பாரம் இருப்பது போலத் தோன்றும். வாயை மூடிக்கொண்டு ஒரு கணம் நின்று, எனக்கு விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்கிறேன்.

1998 ஐப்பசி 17, சனிக்கிழமை