இரண்டு ஏலம்

இன்று காலை போடியிலிருந்து மலையேறும் பஸ்சில், பக்கத்து இருக்கையில் மடிக்கணினியோடு ஒரு பெண். ஏலக்காய் ஏல மையத்துக்கு மென்பொருள் எழுதுகிறாராம்.

சென்னையிலிருந்து சக ஊழியர் போன் செய்தார். குரல் எனக்கும் கேட்டது. "டேட்டாபேஸ்ல ஏலம், ஏலம் ரெண்டுன்னு ரெண்டு டேபிள் இருந்துச்சும்மா. ஒண்ணு டூப்ளிகேட்டுன்னு அழிச்சிட்டேன்."

"அண்ணே, நீங்க அழிச்சது ஏலக்காயிண்ணே. மத்ததுதான் விலை கேக்குறது. பத்து மணிக்கு ஏலம். அடுத்த வளைவுல சிக்னல் போயிரும்."

அந்தப் பெண் டேட்டாபேஸோடு ஒரு துணை மென்பொருளை இணைத்திருக்கிறார். யார் எதை மாற்றினாலும், பழைய வடிவத்தையும் மாற்றிய காரணத்தையும் அது வைத்துக்கொள்ளும். திரையில் நேற்றைய வடிவத்தைத் தொட்டார். ஜன்னல் வழியே மலை மஞ்சு மூட்டம் நுழைந்து திரையில் படிந்தது. அதற்குள்ளிருந்து அழிந்திருந்த காய் ரகங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

காரணம் என்ற கட்டத்தில் அண்ணன், "எதுக்கு ரெண்டு ஏலம்?" என்று எழுதியிருந்தார். இவர் அதன் கீழே எழுதினார்: "ஒண்ணு மணக்கும். இன்னொண்ணு விலை கேக்கும்."

சேமித்ததும் சிக்னல் போனது.

"வேற பேர் வச்சிருக்கலாமேம்மா" என்றேன்.

"எங்க ஊர்ல யாரும் குழம்ப மாட்டாங்க சார்."

உங்கள் ஊரார் மட்டும் குழம்பாத சொல் எது?