ஹர்த்தாலிலும் திறந்திருந்த கடை

என் தங்கைக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். தலசீமியா. அவள் உடல் தானாக நல்ல இரத்தம் செய்யாது. போர்க்காலத்தில் இரத்த வங்கியில் கையிருப்புக் குறைவு. ஒரு பை வேண்டுமென்றால், கொடுக்க ஓர் ஆளை வீட்டாரே கூட்டிப்போக வேண்டும். நிலாவெளியில் இருந்து சித்தப்பா வந்து கொடுப்பார். ஒரு மாதம் அவர் வரும் பாதையை இராணுவம் மூடிவிட்டது. தங்கையோ கதிரையை விட்டு எழும்ப முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா எண்டு நான் இருக்கிறன்தானே, நான் குடுக்கிறன்" என்று வீராப்பாகக் கிளம்பினேன். எங்கள் பாலையூற்றில் இருந்து ஆஸ்பத்திரிவரை பஸ்ஸில் ஏறி இறங்கி, அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி அம்மாவும் தங்கையும் நானும் போய்ச் சேர்ந்தோம். என் விரலில் குத்திப் பார்த்த நேர்ஸ் திரும்பவும் ஒருமுறை குத்தினார்.

"உங்களிட்ட எடுக்கேலாது, பிள்ளை. உங்களுக்கே இரத்தம் காணாது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கொடுக்க வந்த அந்த ஒன்றுகூட என்னிடம் இல்லையாம். கடைசியில் அந்த நேர்ஸே படுத்து இரத்தம் கொடுத்தார். தங்கை பிழைத்தாள்.

என் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தார்கள். முடிவு வந்ததும் டொக்டர் எங்களைக் கூப்பிட்டார். எனக்கும் அதே தலசீமியா வருத்தம்தானாம். அம்மாவிடமும் அப்பாவிடமும் இருந்து தங்கைக்கு வந்த அதே பழுதான மரபணுக்கள். படியேறினால் களைத்துப்போகும் என்னைச் சோம்பேறி என்று ஏசி வளர்த்த அம்மா அழத் தொடங்கினார்.

"அப்ப நான் எப்பிடி நடமாடுறன்?"

"தாயின்ர வயித்தில இருக்கேக்க இரத்தம் செய்யிறதுக்கு எல்லாருக்கும் வேற மரபணு ஒண்டு இருக்கு," என்றார் டொக்டர். "பிறந்த பிறகு சில புரதங்கள் வந்து ஒட்டி, அதை வேலை செய்ய விடாமல் மூடிப்போடும். ஹர்த்தாலுக்குப் பூட்டின கடை மாதிரி. சாமானெல்லாம் உள்ளுக்குத்தான் கிடக்கும். உங்கட கடை சரியாப் பூட்டுப்படேல்லை. அதாலதான் நீங்கள் நடமாடுறீங்கள்."

இப்படி மரபணுவைத் திறக்கவும் மூடவும் செய்யும் புரதங்களைப் படியெடுத்தல் காரணிகள் என்பார்கள் என்று பிறகு படித்தேன். அன்று தங்கை சிரித்தாள்.

"அக்கா எப்பவும் சொல்வழி கேக்கிறதில்லை." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "என்ர கடையையும் திறக்கேலாதோ, டொக்டர்? பூட்டினது ஆர்?"

"அது ஆரெண்டு இன்னும் தேடுகினம்."

எங்கள் ஊரில் ஹர்த்தாலை அறிவித்தது யாரென்று கேட்டாலும் இதே பதில்தான் கிடைக்கும். ஆனால் தங்கை விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம், "ஆளைப் பிடிச்சிட்டினமோ?" என்று கேட்பாள். டொக்டர் இல்லையென்று தலையசைப்பார்.

ஒரு மாரிகாலத்தில் பாதை நெடுநாள் மூடிக் கிடந்தது. சித்தப்பாவாலும் வர முடியவில்லை, இரத்தமும் கிடைக்கவில்லை. தங்கை போய்விட்டாள்.

போர் முடியும் தறுவாயில், அந்த மரபணுவைப் பூட்டும் முக்கியமான புரதத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது அதைத் தடுத்து, கடையைத் திறந்தும் விடுகிறார்களாம். அதை வாசித்தபோது சந்தோஷத்துக்கு முன் ஆத்திரம்தான் வந்தது. பேப்பரும் கையுமாக எழும்பி அவளுடைய அறை வாசல்வரை போய்விட்டேன். "ஆளைப் பிடிச்சிட்டினமடி" என்று சொல்ல, அங்கே அவள் இல்லை.