ஆளில்லாமல் பஸ்ஸில் போன சோறு

வார்னிஷும் கருவாட்டுக் குழம்பும் கலந்த ஒரு வாசனை உண்டு. எங்கள் வீட்டு மூன்றடுக்குக் கேரியரைத் திறந்தால் அதுதான் முதலில் மூக்கில் ஏறும். அம்மா சாம்பல் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அப்பா விழுப்புரத்தில் கருகிய மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடையில் வேலை செய்தார். கட்டிய காயிலை வார்னிஷில் முக்கி எடுத்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அப்படியே கேரியரைத் தொடுவார். கருவாடு பொம்மையார்பாளையத்திலிருந்து கூடைக்காரி கொண்டுவருவது. இரண்டும் சேர்ந்து அந்த அலுமினியத்துக்குள் ஊறிப் போயிருந்தன.

நாங்கள் இருந்தது திண்டிவனத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு. அப்பா விடிந்ததும் கிளம்பிவிடுவார், அதற்குள் சோறு ஆகாது. ஆகையால் சோறு அவருக்குப் பின்னால் தனியாகப் போகும். அம்மா கேரியரைத் தூக்கிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பாள். கண்டக்டர் பலராமன் அதை வாங்கி டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பெட்டியின் மேல் வைப்பார். வழியெல்லாம் இன்ஜின் சூட்டில் சோறு ஆறாமல் போய்ச் சேரும். விழுப்புரத்தில் அப்பா ஜன்னலுக்குக் கீழே நின்று கைநீட்டி வாங்கிக்கொள்வார். இதற்கு டிக்கெட் கிடையாது. பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பலராமன் வீட்டுக்கு ஒரு தூக்கில் பலகாரம் போகும், அவ்வளவுதான்.

எங்கள் கேரியர் மட்டும் அப்படிப் போகவில்லை. வல்லத்திலிருந்து வரும் பஸ்ஸில் மருந்து பாட்டில் வரும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை வரும், காணைக்குப் போகும் பஸ்ஸில் கல்யாண வீட்டுக்குப் பூமாலை போகும். "பஸ்ஸுல போட்டு உடு" என்றால் போதும், பொருள் போய்ச் சேர்ந்துவிடும். அதோடு ஒரு ஆள் போக வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை.

கேரியரின் பக்கவாட்டுக் கொக்கி என்றைக்கோ உடைந்துவிட்டது. அப்பா அதற்குச் செப்புக் கம்பி சுற்றி வைத்திருந்தார். எங்கள் வீட்டில் எல்லாமே செப்புக் கம்பிதான். கருகிய மோட்டாரிலிருந்து பிரித்த கம்பியில் துண்டு துண்டாக மிஞ்சுவதை அப்பா பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வருவார். துணி காயப்போடும் கொடி, அறுந்த செருப்பு வார், குடையின் கம்பி முனை எல்லாவற்றிலும் அந்தப் பழுப்புச் சிவப்புக் கம்பி இருக்கும். கோயிலில் யாருடைய ஜெபமாலை அறுந்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அப்பா முறுக்கினால் நுனி வெளியே தெரியாது. உள்ளே மடித்து விட்டிருப்பார். அம்மாவும் அதே மாதிரிதான் முறுக்கிக் கட்டுவாள், அவளுக்கும் எனக்கும் அதை எங்கே பிடித்து இழுத்தால் அவிழும் என்று தெரியும். வேறு யாராலும் அவிழ்க்க முடியாது.

அந்தக் கோடையில்தான் எங்களுக்கு வடக்கே, பஸ்ஸில் போனால் மதியத்துக்குள் சேர்ந்துவிடக்கூடிய ஊரில், ஒரு பெரிய தலைவரைக் கூட்டத்தில் குண்டு வைத்துக் கொன்றார்கள். கூட இருந்தவர்களும் செத்தார்கள், காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களும் செத்தார்கள். இரண்டு நாள் ஊரே கதவைச் சாத்திக் கிடந்தது. பிறகு கடைகள் திறந்தபோது எல்லாம் மாறியிருந்தது. பஸ் ஸ்டாண்டு சுவரில் தேடப்படுகிறவர்களின் முகங்கள். வெளியூர்க்காரருக்கு வீடு கொடுத்தால் ஸ்டேஷனில் சொல்ல வேண்டும் என்று தண்டோரா. நெடுஞ்சாலையில் டிரம்மும் மூங்கிலும் போட்டு மறித்து ஒவ்வொரு பஸ்ஸையும் நிறுத்திச் சோதித்தார்கள். குண்டு எப்படி இருந்திருக்கும் என்று பேப்பரில் ஒயரையும் பேட்டரியையும் படம் வரைந்து போட்டிருந்தார்கள். டீக்கடையில் அதை எல்லோரும் ஒருவர் தோள் மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். அதுவரை ஒயர் என்றால் எங்களுக்கு மோட்டார்தான்.

பலராமன் ஒருநாள் கேரியரை வாங்கக் கை நீட்டவில்லை.

"ஆள் இல்லாத சாமான் எதையும் ஏத்தக் கூடாதுன்னு டிப்போல சொல்லிட்டாங்கம்மா. கொஞ்ச நாளு பொறுத்துக்க."

"கொஞ்ச நாளுன்னா அவரு கொஞ்ச நாளு பட்டினியா கெடப்பாராண்ணே?" என்றாள் அம்மா. "ஓட்டலு சாப்பாடு அவருக்கு ஒத்துக்காது. வயிறு எரியுதுன்னு ராத்திரியெல்லாம் உருண்டுக்கினு கெடப்பாரு."

பலராமன் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வேறு பக்கம் பார்த்தார். "சரி குடு. யாரு கேட்டாலும் என்னுதுன்னு சொல்லிக்கிறேன்" என்று பலராமன் வாங்கி வைத்துக்கொண்டார். அம்மா அன்று சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தாள்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. பிற்பாடு பலராமன் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னதுதான் எனக்குத் தெரியும்.

சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பைகளைப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு போலீஸ்காரர் உள்ளே ஏறி இன்ஜின் பெட்டியைத் தடியால் தட்டி, "இது யாருது?" என்றார்.

"என்னுது சார்."

"உள்ள இன்னா?"

"சோறு சார்."

"இன்னா சோறு?"

பலராமன் அத்தனை வருஷமாக அந்தக் கேரியரைச் சுமந்தவர். ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. வாயில் வந்ததைச் சொன்னார். "சாம்பார் சோறு சார்."

"கருவாட்டு நாத்தம் கொடலைப் புடுங்குது, சாம்பாருன்ற. உங்க ஊட்ல சாம்பாருல மீனு நீந்துமா? தெற."

பலராமன் கம்பியைத் திருகினார், நெருடினார், நுனி அகப்படவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "கம்பி சுத்திக்கினு கீதுய்யா" என்றார். அவர் சத்தமாகக்கூடச் சொல்லவில்லையாம். சனம் சாலையோரத்தில் பயிர் நின்ற மல்லாட்டைக் கொல்லைக்குள் விழுந்து ஓடியது. ஒரு கிழவிக்குக் கால் பிசகியது. அதற்கப்புறம் பலராமன் உண்மையைச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை, அவரை உட்காரவைத்துவிட்டார்கள். கேரியரை ஒரு நீளக் கழியில் மாட்டிக் கொண்டுபோய்க் கொல்லை நடுவில் வைத்து, சுற்றி மணல் மூட்டை அடுக்கி, மேலே தகவல் சொல்லிவிட்டு, தூர நின்று காத்திருந்தார்கள்.

விழுப்புரத்தில் அப்பா பசியோடு நின்றுகொண்டிருந்தாராம், அதை முதலாளி பிற்பாடு சொன்னார். அடுத்து வந்த பஸ்ஸில்தான் சேதி வந்தது: வழியில் ஒரு கேரியரில் குண்டு, செப்புக் கம்பி சுற்றியது, கண்டக்டரைப் பிடித்துவிட்டார்கள். அப்பா கடைக்குப் போய் முதலாளியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

"போவாதடா. அவனுங்களே தெறந்து பாத்துட்டு உட்டுடுவானுங்க" என்றார் முதலாளி.

"பலராமன் மாட்டிக்கினு கீறாரு மொதலாளி. என் சோத்துக்கு அவரு ஏன் நிக்கணும்?"

அப்பா சாவடிக்குப் போனார். "ஐயா, அது எங்கூட்டு சோறுங்க" என்றார். உன்னால் திறக்க முடியுமா என்று அங்கே வந்திருந்த இன்ஸ்பெக்டர் கேட்டார். "என் கட்டுதானுங்களே" என்று சொல்லிவிட்டு, யாரும் தடுப்பதற்குள் கொல்லைக்குள் நடந்துபோய், குந்தி உட்கார்ந்து, ஒரே இழுப்பில் அவிழ்த்துவிட்டார். மேலே மல்லாட்டைத் துவையல், நடுவில் குழம்பு, அடியில் கேப்பைக் களி. மூன்றையும் வரிசையாக வைத்துக் காட்டினார்.

"தின்னு" என்றார் இன்ஸ்பெக்டர் தூரத்திலிருந்து.

வெயிலில் காய்ந்து கெட்டித்துப்போன களியை அப்பா பிட்டுப் பிட்டுத் தின்றார். பஸ்ஸில் வந்தவர்கள், போலீஸ்காரர்கள், சாலையில் நின்றுவிட்ட லாரிக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தொண்டையை அடைத்து விக்கல் எடுத்தது. யாரும் தண்ணீர் கொண்டுபோகவில்லை, கிட்டே போக யாருக்கும் தைரியமில்லை. முழுசும் தின்று முடித்துக் கையை மண்ணில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். அத்தோடு முடிந்தது என்றுதான் பலராமன் நினைத்தாராம்.

"இன்னா வேல செய்யிற?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"காயில் கட்றதுங்க."

"கம்பி வேல" என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். இரண்டு பேரையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

சோறு சோறுதான் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஆனால் பஸ் நின்றதும், சனம் ஓடியதும், மேலதிகாரிகளுக்குத் தகவல் போனதும் நடந்துபோயிற்று. அவ்வளவு பெரிய ஏற்பாட்டை, ஒன்றுமில்லை, களிதான் என்று சொல்லி அவர்களால் முடிக்க முடியவில்லை. யாரையாவது கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் யோசித்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டால் எனக்கும் சுலபமாக இருக்கும். அவர்களோடு வேலை பார்த்தவர்கள் அப்போதுதான் செத்திருந்தார்கள். பயம் அவர்களுக்கும் இருந்தது. ஆனால் அவர்கள் பயத்துக்குத் துப்பாக்கியும் ஜீப்பும் இருந்தன. எங்கள் பயத்துக்கு ஒன்றும் இல்லை.

அம்மா மறுநாளே சோறு கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். வாசலில் நின்ற போலீஸ்காரர், "சோறு எடுத்துக்கினு வராதம்மா. அந்தப் பேஜாராலதான் அவரு உள்ள கீறாரு" என்றார். சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பலராமனைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள், வேலைதான் சில மாதம் இல்லை. அப்பாவுக்காக மாதா கோயில் சாமியார் இரண்டு முறை வந்து பேசினார், முதலாளியும் ஒருமுறை வந்தார். கடைசியில் கேஸ் ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அப்பா சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சுளுக்கு எண்ணெய் வாங்கிவர அம்மா என்னை அனுப்பினாள். கடைக்காரர் யாருக்கு என்று கேட்கவில்லை.

கேஸ் இல்லை என்றால் முடிந்தது என்று நினைத்தோம். ஒரு போலீஸ்காரர் அவ்வப்போது கடைக்கு வந்து அப்பாவைப் பற்றி விசாரித்தார். பிறகு அடிக்கடி வந்தார். முதலாளி ஒருநாள், "நீ நல்லவன்தாண்டா ஆரோக்கியம். ஆனா கடைக்குப் போலீசு வந்துக்கினே இருந்தா கிராக்கி வருமா? எனக்கும் புள்ளைங்க கீது" என்றார். அப்பா அன்றைக்கே கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். கொத்து வேலைக்கும் கரும்பு வெட்டுக்கும் போனார். அதற்குள் நான் ஐந்தாவது முடித்திருந்தேன். அடுத்த வருஷம் ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது நான் ஒரு ஓட்டலில் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறமும் எங்கே குண்டு வெடித்தாலும் அது எங்கள் வீட்டுக்குத் தெரிந்துவிடும். பம்பாயில் வெடித்தபோது வந்தார்கள், கோயம்புத்தூரில் வெடித்தபோது வந்தார்கள். வருகிறவரும் பழகிப்போனார். "கோச்சிக்காத ஆரோக்கியம், மேல கேக்குறாங்க, நான் இன்னா செய்யட்டும்" என்று சொல்லி, அம்மா போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போவார். ஒருமுறை அவர் மகளின் கல்யாணப் பத்திரிகையையே கொண்டுவந்து வைத்தார். அரசாங்கம் மாறியது, ஆளைப் பிடித்துவைக்கிற சட்டத்தின் பேர் மாறியது. அவர் ரிட்டயர் ஆகி இன்னொருவர் வந்தார். அவரும் டீ குடித்தார்.

அந்தக் கேரியர் திரும்பி வரவே இல்லை. அப்பாவும் அதற்குப் பிறகு எதையும் மூடி எடுத்துக்கொண்டு போனதில்லை. கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் கவரில், உள்ளே இருப்பது வெளியே தெரிகிறபடிதான் சோறு கொண்டுபோவார். வீட்டில் இருந்த செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக அவரே அவிழ்த்து எடைக்குப் போட்டார். ஜெபமாலை அறுந்து யாராவது வந்தால், "நூலுல கோத்துக்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அம்மா சாகும்வரை எங்கள் வீட்டில் கருவாடு வாங்கவில்லை.

போன மாதம் அப்பாவைக் கண் ஆபரேஷனுக்கு வெளியூருக்கு ரயிலில் அழைத்துக்கொண்டு போனேன். எங்கேயோ வடக்கே ஒரு ஊரில் வெடித்திருந்ததால் விழுப்புரம் ரயில் நிலைய வாசலில் கூடுதலாக ஆட்கள் நின்றார்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே இருந்தது. யாரும் காது கொடுக்கவில்லை, நாங்கள் இரண்டு பேர்தான் கேட்டோம் என்று நினைக்கிறேன். வெளியே பஸ் ஸ்டாண்டு பக்கம் போகிற பஸ்களில் இப்போது இன்ஜின் பெட்டி மேல் யார் வீட்டுச் சோறும் இல்லை. அப்படி ஒன்று போனது என்று சொன்னால் என் பிள்ளைகள், ஆள் இல்லாமல் எப்படிப் போகும் என்று கேட்கிறார்கள்.

வாசலில் நின்ற காவலர் சின்னப் பையன், என் மகன் வயதுதான் இருக்கும். கையிலிருந்த கருவியை எங்கள் மேல் ஒப்புக்குக் காட்டிவிட்டு, "போங்க தாத்தா" என்றான். அப்பா நகரவில்லை. என் கையிலிருந்த பையை வாங்கித் தரையில் வைத்துக் குந்தி உட்கார்ந்தார். என் மனைவி கட்டிக் கொடுத்த தயிர்சோற்று டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து, அவன் பக்கமாகச் சாய்த்துக் காட்டி, ஒரு வாய் எடுத்துத் தின்றார். மென்று விழுங்கிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். இன்னொரு வாய் எடுத்தார்.

எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது.

"பசி போல கீது. அந்த பெஞ்சுல உக்கார வெச்சு சாப்பிட வைங்க சார். வண்டி இன்னும் வரல" என்று அந்தப் பையன் என்னிடம் மெதுவாகச் சொல்லி, தன்னிடமிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

நான் அதை வாங்கி அப்பாவிடம் கொடுத்தேன். அவர் குடிக்கட்டும் என்று டப்பாவை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.